கமிட்டிக்காரரிடம் கேட்பது எப்படி

சென்னையின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு கட்டம் வரும். “அடுத்து, செயலாளர் பதவிக்கு...” என்று தலைவர் ஆரம்பித்ததும் ஒருவருக்கு போன் வரும். இன்னொருவருக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வரும். மூன்றாமவர் கடைசி வரிசையில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். எழுந்து போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தவர் செயலாளர் ஆவார். மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து சம்பில் தண்ணீர் இல்லாததற்கு அவரே காரணம்.

சங்கத்தைப் பதிவு செய்வது, துணைவிதி எழுதுவது, பராமரிப்புக் கட்டணம் நிர்ணயிப்பது ஆகியவற்றை முன் அத்தியாயங்களில் பார்த்தோம். அவை கமிட்டியில் இருப்பவர்களுக்கு. இது இல்லாதவர்களுக்கு, அதாவது கட்டணம் கட்டுகிற, குறை சொல்கிற, கேள்வி கேட்க முழு உரிமை உள்ள மீதிப் பேருக்கு.

இனிமையாகப் பேசுவது எப்படி என்று சொல்லித் தருவது என் நோக்கமில்லை. தேன் ஒழுகப் பேசியே ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் விழுங்குகிறவர்கள் எல்லாக் கட்டடத்திலும் உண்டு. சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பவரிடம் மரியாதையாக நடப்பது என்றால், அவர் சீக்கிரமாகவும் ஒழுங்காகவும் பதில் சொல்ல முடிகிறபடி கேட்பது. குரல் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை.

யார் இவர்கள்

தமிழ்நாட்டில் பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்கள் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அந்தச் சட்டப்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். ஒரு குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது. முடிவெடுப்பது குழு, செயலாளர் தனியாக அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிச் சண்டை குறையும். “நீங்க ஏன் செக்யூரிட்டி ஏஜென்சியை மாத்தினீங்க?” என்பது ஓர் ஆளைக் கூண்டில் ஏற்றும் கேள்வி. “ஏஜென்சியை மாத்தறதுன்னு கமிட்டி எதனால முடிவு பண்ணுச்சு?” என்று கேட்டால், கூட்டத்தில் அந்த முடிவுக்கு எதிராக வாக்களித்த செயலாளரும் நிதானமாகக் காரணம் சொல்வார்.

இவர்களும் உங்களைப் போலவே மெயின்டனன்ஸ் கட்டுகிறவர்கள். பொருளாளர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வங்கிக்காரராகவோ ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவராகவோ இருப்பார். செயலாளர் ஐடி வேலைக்காரராக இருந்தால் அவருடைய மதியங்கள் மீட்டிங்கில் போகும். சங்க வேலை இரவு ஒன்பதுக்கு மேல் தொடங்கும். லிஃப்ட் ஏஎம்சி புதுப்பிப்பது, ஜெனரேட்டருக்கு டீசல் போடுவது, ஊருக்குப் போன வாட்ச்மேனுக்கு மாற்று ஆள் பிடிப்பது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நாற்றத்துக்குப் பதில் சொல்வது என்று அது நீளும். இவற்றில் எதுவும் அவர்களுடைய தொழில் இல்லை. கற்றுக்கொண்டே செய்கிறார்கள்.

ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டின் மாதப் பராமரிப்புக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத வரி உண்டு. அந்த வரி முழுத் தொகைக்கா, 7,500க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமா? முழுவதற்கும் என்று 2019இல் மத்திய வரி வாரியம் சுற்றறிக்கை விட்டது. மேற்பட்ட பகுதிக்கு மட்டும்தான் என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வரித்துறையும் நீதிமன்றமும் இப்படி இரண்டு விதமாகச் சொன்ன விஷயத்தில் உங்கள் பொருளாளர் ஒரு மாதம் குழம்பினால், அதை அவருடைய திறமைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை எங்கே சொல்வது

போன் அடிக்க வேண்டியவை சிலவே: லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டது, தீ, மின்கசிவு, சம்பு நிரம்பி வழிவது, ஒட்டுமொத்தமாகத் தண்ணீர் இல்லாதது. இவற்றுக்கு நள்ளிரவிலும் கூப்பிடலாம். முதலில் வாட்ச்மேனிடமோ மேனேஜரிடமோ சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். செயலாளர் எப்படியும் அவர்களைத்தான் திரும்ப அழைப்பார்.

படிக்கட்டு விளக்கு எரியவில்லை, பார்க்கிங்கில் எண்ணெய் சிந்தியிருக்கிறது, குப்பை எடுக்கவில்லை போன்றவை புகார்ப் புத்தகத்துக்கு. உங்கள் கட்டடத்தில் அதற்கென்று ஆப் இருந்தால் அதில் போடுங்கள். எழுதாமல் வாயால் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்து “அன்னைக்கே சொன்னேனே” என்பது நியாயமில்லை. லிஃப்டில் கூட ஏறியபோது சொன்னதை அவர் மூன்றாம் மாடியில் இறங்கும்போதே மறந்திருப்பார்.

பார்க்கிங் ஒதுக்கீடு, செல்லப் பிராணிகள், வாடகைதாரர் விதி, பெயின்டிங் ஒப்பந்தம் முதலியவை கடிதத்துக்கு. செயலாளருக்கு எழுதி, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வைக்கும்படி கேளுங்கள். பதினைந்து நாளில் பதில் எதிர்பார்ப்பது நியாயம். இரண்டு நாளில் எதிர்பார்ப்பது அடாவடி.

கமிட்டிக்குப் போகவே கூடாத வகையும் ஒன்று உண்டு. மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் உங்கள் கூரையில் கசிகிறது. பொதுக் குழாயில் கோளாறு என்றால் சங்கத்தின் பொறுப்பு. மேல் வீட்டின் தரை ஓடு பெயர்ந்து கசிகிறது என்றால் அது இரண்டு உரிமையாளர்களுக்கு இடையிலான விஷயம். கமிட்டி அதில் நடுவராக இருக்கலாம், அதுவும் மனமிருந்தால். முதலில் மேல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பக்கத்து வீட்டாரிடம் நேரில் பேசக் கூச்சப்பட்டுக் கமிட்டியைத் தூது அனுப்புகிறவர்களால்தான் நல்ல செயலாளர்கள் ராஜினாமா செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

செய்தியின் உள்ளடக்கம்

இரண்டு செய்திகளைப் பாருங்கள். முதலாவது, எல்லோருக்கும் பழக்கமான வகை:

“லிஃப்ட் மறுபடியும் ரிப்பேர். மாசாமாசம் மெயின்டனன்ஸ் மட்டும் கரெக்டா வாங்கறீங்க. வயசானவங்க எப்படி ஏறுவாங்க? யாராவது பொறுப்பு எடுத்துக்குவீங்களா???”

இரண்டாவது:

“சார், பி பிளாக் லிஃப்ட் காலை 7.40க்கு ரெண்டாவது மாடியில நின்னுடுச்சு. கதவு பாதி திறந்திருக்கு, உள்ளே யாரும் இல்லை. வாட்ச்மேன் மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டார். மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சா? எங்க மாடியில ஒருத்தர் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி போகணும். அதுக்குள்ள சரியாகலைன்னா நாற்காலியில இறக்க ரெண்டு பேர் வேணும், ஒரு ஆள் நான் வர்றேன்.”

இரண்டாவது நீளம் அதிகம். ஆனால் செயலாளர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு போன் செய்தால் போதும். முதலாவதைப் படித்தவர் எந்த பிளாக், எத்தனையாவது மாடி, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். மனதுக்குள் அவர் கொடுக்கும் பதில் வேறு இருக்கிறது, அதை இங்கே அச்சிட முடியாது.

இடம், நேரம், இப்போதைய நிலை, இதுவரை நடந்தது, உங்களுக்கு என்ன வேண்டும் — இவ்வளவுதான். போட்டோ இருந்தால் ஒன்று போதும். நீங்கள் செய்யக்கூடிய உதவி ஏதாவது இருந்தால் கடைசியில் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்காகவே உங்கள் செய்தி முதலில் படிக்கப்படும்.

கடிதத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. அலுவலகத்தில் பழகிய நடை நம்மையறியாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். “கீழ்க்கண்டவற்றுக்கு 48 மணி நேரத்துக்குள் விளக்கம் அளிக்கவும்” என்று எழுதினால் அது மேலதிகாரி கீழ்ப்பணியாளருக்குக் கொடுக்கும் மெமோ. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் எளிதாக வாய்க்கிறது. அதுவும் வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள், நிறுவனத்துக்கு எழுதுவது போலவே எழுதி, சங்க உறுப்பினர் அத்தனை பேருக்கும் நகல் போட்டுவிடுகிறார்கள். வாயால் சொன்னால் எப்படிச் சொல்வீர்களோ அதைக் கொஞ்சம் திருத்தி எழுதுங்கள். நேரில் ஒருவர் முகத்தைப் பார்த்து “48 மணி நேரத்துக்குள்” என்று சொல்லிப் பாருங்கள், வராது.

வாட்ஸ்அப்பில்

சுருக்கமாக முடிக்கலாம், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரவு பத்துக்கு மேல் குறை போடாதீர்கள். தண்ணீர் லாரி நாளை வராது என்ற அறிவிப்புக்குக் கீழே காலை வணக்கப் படம் போடாதீர்கள். தொகை தப்பாகத் தெரிந்தால் குழுவில் கேட்கும் முன் பொருளாளரிடம் தனியே கேளுங்கள். பத்தில் எட்டு முறை தப்பாகப் படித்தவர் நீங்களாகவே இருக்கக்கூடும். வாட்ச்மேனையும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களையும் பற்றிய சந்தேகங்களைக் குழுவில் எழுதவே வேண்டாம். அவர்கள் அந்தக் குழுவில் இல்லை, பதில் சொல்லவும் முடியாது.

கமிட்டிக்காரர் பெயரைக் குறியிட்டு எழுதுவது கூட்டத்துக்கு நடுவில் சட்டைக் காலரைப் பிடிப்பதற்குச் சமம். பத்துப் பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அவர்களில் ஒருவரும் அடுத்த பொதுக்குழுவுக்கு வரமாட்டார்.

கணக்கு கேட்பது

இந்த அத்தியாயத்தில் கடினமான பகுதி இது. கணக்கு கேட்டால் சந்தேகப்படுவதாக அர்த்தம் என்று பொருளாளர் நினைக்கிறார். கேட்காவிட்டால் ஏமாந்தவன் என்று நாம் நினைக்கிறோம். இரண்டுமே தப்பு. சங்கப் பணம் உறுப்பினர் பணம், கேட்பது உரிமை. ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் பொருளாளருக்கு நல்ல கேள்வி ஒன்று வந்தால் உள்ளூர மகிழ்ச்சிதான், யாரோ ஒருவராவது படித்திருக்கிறாரே என்று.

நல்ல கேள்வி எது? “தண்ணிக்கு மட்டும் இவ்வளவா? யார் வாங்கித் தின்னாங்க?” என்பதற்குப் பதில் கிடையாது. “மார்ச்சைவிட ஏப்ரல்ல லாரித் தண்ணிச் செலவு கூடியிருக்கு. லோடு எண்ணிக்கை கூடினதா, ஒரு லோடு விலை கூடினதா?” என்றால் பொருளாளர் பில் கட்டைப் பிரித்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க முடியாமல், கிடைத்த தனியார் லாரியைச் சொன்ன விலைக்கு வாங்கிய கமிட்டிகள் பல. அந்த மாதக் கணக்கை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் கொள்ளை மாதிரிதான் தெரியும். செலவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுத் தொகையைப் பற்றிப் பேசுவது நல்லது.

பொது மின்கட்டணமும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது, அடுக்குமாடிகளின் பொது மீட்டர் தனி வகையாகி யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது. பில் எகிறியது. மோட்டாரை யார் ஓடவிட்டது என்று பல கட்டடங்களில் சண்டை நடந்தது, அதே மோட்டார் அதே நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு 2023 அக்டோபரில், பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைப்பதாக அரசு அறிவித்தது. அந்தச் செய்தியை நறுக்கி எடுத்து, “சார், நம்ம கட்டடத்துக்கு இது பொருந்தும்னு நினைக்கிறேன், ஈபி ஆபீஸுக்கு நான் போய்க் கேட்டுட்டு வரட்டுமா?” என்று போகிறவர் நாளைக்கு எந்தக் கணக்கைக் கேட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

எல்லா வவுச்சரையும் பார்க்க வேண்டும் என்றால் ஒரு நேரம் குறித்துக்கொண்டு பொருளாளர் வீட்டுக்கோ சங்க அறைக்கோ போங்கள். எந்த மாதம், எந்தத் தலைப்பு என்று முன்னாலேயே சொல்லுங்கள். இன்னொரு உறுப்பினரும் கூட இருந்தால் இருவருக்குமே பாதுகாப்பு. “ஆர்டிஐ போட்டுடுவேன்” என்ற மிரட்டல் வேண்டாம். தகவல் உரிமைச் சட்டம் பொது அதிகார அமைப்புகளுக்கானது. அரசின் பணமோ கட்டுப்பாடோ இல்லாத குடியிருப்போர் சங்கம் சாதாரணமாக அதற்குள் வராது. அது தெரிந்த பொருளாளர் சிரித்துவிட்டு ஃபைலை மூடிவைப்பார்.

சார், அங்கிள், மேடம்

நம் ஊரில் ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதிலேயே பாதிப் பேச்சு முடிந்துவிடுகிறது. அறுபத்தைந்து வயதுத் தலைவரை “அங்கிள்” என்று கூப்பிட்டுப் பழகியவர், சங்க விஷயம் பேசும்போது மட்டும் “மிஸ்டர் பிரசிடென்ட்” என்று ஆரம்பித்தால் அது போர்ப் பிரகடனம். வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். முப்பது வயதுச் செயலாளரைப் பெரியவர்கள் “தம்பி” என்று கூப்பிடலாம், தப்பில்லை. ஆனால் பொதுக்குழு மேடையில் “தம்பிக்கு அனுபவம் போதாது” என்று அந்த முறையைக் கைத்தடியாகச் சுழற்றக்கூடாது.

பெண்கள் கமிட்டியில் இருக்கும் கட்டடங்களில் ஒரு விசித்திரம் நடக்கும். பொருளாளர் அவர். ஆனால் கணக்கு சந்தேகத்தைக் கேட்க அவருடைய கணவருக்கு போன் போகும். அவரோ “எனக்குத் தெரியாதுங்க, அவங்ககிட்டயே கேளுங்க” என்பார். இதில் அவமானப்படுத்தும் எண்ணம் பலருக்கு இருக்காது, பழக்கம்தான். ஆனாலும் நாலு பேர் அறியப் பதவியேற்ற ஒருவரைச் சுற்றிக்கொண்டு போவது அவமானமே. இதன் மறுபக்கமும் உண்டு. செயலாளரின் மனைவி காய்கறி வண்டியில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பார். அவரிடம் “உங்க வீட்டுக்காரர்கிட்ட அந்த டிரெய்னேஜ் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிடுங்க” என்பார்கள். அவர் கமிட்டியில் இல்லை. தக்காளியை வாங்க விடுங்கள்.

கல்யாண வீட்டுப் பந்தி, கோயில் பிரகாரம், காலை நடை ஆகியவையும் இதில் அடக்கம். எதிரே வந்தால் நலம் விசாரியுங்கள். சம்பைப் பற்றி அவரே ஆரம்பித்தால் பேசலாம்.

பொதுக்குழுவில்

பெரிய கேள்வி என்றால் ஒரு வாரம் முன்னால் எழுத்தில் கொடுங்கள். திடீரென்று கேட்டு மடக்கினால் கைதட்டல் கிடைக்கும், பதில் கிடைக்காது. நிகழ்ச்சி நிரலின் கடைசியில் “தலைவர் அனுமதியுடன் பிற பொருள்கள்” என்று ஒரு வரி இருக்கும். பார்க்கிங்கை முழுக்க மறுபங்கீடு செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை அங்கே கொண்டுவருகிறவர் நேர்மையாக விளையாடவில்லை. பாதிப் பேர் டிபனுக்கு எழுந்து போயிருப்பார்கள்.

முந்திய கமிட்டியின் பாவங்களை இப்போதைய கமிட்டியிடம் கேட்காதீர்கள். வாக்கெடுப்பில் தோற்றால் தோற்றதுதான். மறுநாள் வாட்ஸ்அப்பில் மறு வாக்கெடுப்பு நடத்த வேண்டாம்.

நன்றி சொல்வதாக இருந்தால் குறிப்பாகச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மின்சாரம் இல்லாமல், சம்பில் சாக்கடை நீர் கலந்து தவித்த கட்டடங்கள் பல. அப்போது முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பம்ப் செட் வாடகைக்குப் பிடித்து வந்தவர் யார் என்று அந்தந்தக் கட்டடத்துக்குத் தெரியும். அந்த வேலையைப் பெயரோடு சொல்லி, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பொன்னாடை வேண்டாம், எல்லோர் வீட்டிலும் அது பீரோவின் மேல்தட்டில் மடித்துக் கிடக்கிறது. நன்றியோடு “ஆனால்” சேர்த்துக் குறை சொல்லவும் வேண்டாம். குறைக்கு இன்னொரு நாள் இருக்கிறது.

அவர்கள் தவறும்போது

கமிட்டிகள் தவறு செய்யும். சில சமயம் வேண்டுமென்றே செய்யும். மேலே சொன்னதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஆண்டாகத் தணிக்கைக் கணக்கு வைக்கவில்லை, பொதுக்குழு கூட்டவில்லை, கமிட்டிக்காரரின் உறவினருக்கே ஒப்பந்தம் போயிருக்கிறது என்றால் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேதி போட்டு ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் உங்களைப் போல நினைக்கிற உறுப்பினர்களைச் சேருங்கள். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் விண்ணப்பித்தால் சங்கத்தின் நிர்வாகத்தை விசாரிக்க மாவட்டப் பதிவாளருக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்தக் கட்டம் வரை போனாலும் கடிதத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். “திருடர்கள்” என்று ஒரு சொல் விழுந்தால், அதன் பிறகு விசாரணை அந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடக்கும், கணக்கைச் சுற்றி நடக்காது.

எக்காரணம் கொண்டும் மெயின்டனன்ஸை நிறுத்தாதீர்கள். கமிட்டிக்காரரின் சட்டைப் பைக்கு அந்தப் பணம் போவதில்லை. வாட்ச்மேன் சம்பளமும் டீசலும் அதில்தான் நடக்கின்றன. பாக்கி வைத்திருப்பவர் எவ்வளவு நியாயமான கேள்வி கேட்டாலும் “முதல்ல பாக்கியைக் கட்டுங்க” என்ற ஒரே வரியில் அடைத்துவிடுவார்கள்.

நீங்கள் ஒழுங்காகக் கேட்டும் அவர் எரிந்து விழுந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அந்த மணி நேரத்தில் அவரிடம் பேசிய ஐந்தாவது ஆள் நீங்களாக இருக்கலாம். மறுநாள் அதே கேள்வியை எழுத்தில் கொடுங்கள்.

கமிட்டி மாறும்போது நிலுவையில் உள்ள உங்கள் கடிதங்கள் தானாகப் புதியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். வங்கியில் கையெழுத்து மாற்றவும், பதிவாளர் அலுவலகத்தில் புதிய குழுவின் பெயர்ப் பட்டியலைத் தாக்கல் செய்யவுமே அவர்களுக்கு முதல் மாதம் ஓடிவிடும். அது முடிந்த பிறகு பழைய கடிதத்தின் நகலோடு போங்கள். பழைய செயலாளர் கொடுத்த பதிலையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள், அது உங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் கூட.